கூண்டா, காடா? ஐந்து கோப்புகளும் ஓர் எட்டாம் வகுப்பும்

கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு, எட்டாம் வகுப்பு அறிவியலில் வரும் தாவர, விலங்குப் பாதுகாப்புப் பாடம் கொஞ்சம் சங்கடமானது. சமவெளிப் பள்ளியில் புலி என்பது புத்தகத்தில் உள்ள படம். இங்கே அது போன வாரம் லைன் வீட்டுக்குப் பின்னால் மாட்டை அடித்துப் போட்ட புலி. "வன உயிரினங்களை ஏன் பாதுகாக்க வேண்டும்?" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள், "எங்கள யாரு டீச்சர் பாதுகாப்பா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்துவிடும். கேலிக்காகக் கேட்பதில்லை.

என் வகுப்பில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்கள், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள், வயநாட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள், அண்மைக்காலமாக ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எனப் பலரும் உண்டு. சொந்தத்தில் யாரையாவது யானைக்குப் பறிகொடுத்த பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டு பேராவது இருக்கும். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தோட்டத் தொழிலாளி ஒருவரின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்றபோது, அடுத்த நாள் வகுப்பில் பாடம் எடுக்க முடியவில்லை. பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஆளைக் கொன்ற விலங்கைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட வேண்டியதுதானே?

இப்படி ஒரு கேள்வி வந்தால் நாம் வழக்கமாகப் பட்டிமன்றம் வைத்துவிடுவோம். அடைக்க வேண்டும் என்று ஓர் அணி, கூடாது என்று ஓர் அணி, நடுவராக நாம். பட்டிமன்றத்தின் மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அதில் எந்தப் பக்கம் நல்ல குரல் இருக்கிறதோ அந்தப் பக்கம் கைதட்டல் விழும். வீட்டில் சாவு கண்ட பிள்ளை "விலங்குகள் பாவம்" என்ற அணியில் உட்கார வேண்டி வந்தால் அது கொடுமை. அதோடு, எந்த விலங்கு, எங்கே, எப்படித் தாக்கியது என்று கேட்காமல் பொதுவாக ஆம், இல்லை என்று பேசுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆகவே பிள்ளைகளைப் பேச்சாளர்களாக நிறுத்தாமல், உத்தரவு எழுத வேண்டிய அலுவலராக உட்காரவைத்தேன். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் நடத்துகிறேன். மூன்று பாடவேளை பிடிக்கும்.

சட்டம் கேட்கும் கேள்வி

நம்மில் பலரும் கவனிக்காத ஒன்று, இந்தக் கேள்வியைச் சட்டமே நிதானமாகக் கேட்டு வைத்திருக்கிறது என்பது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பாருங்கள். புலி, சிறுத்தை, யானை போன்ற முதல் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்றோ, இனித் தேறவே முடியாத அளவுக்கு ஊனமோ நோயோ கொண்டிருக்கிறது என்றோ மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுதியாகக் கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து அதை வேட்டையாட அனுமதி தரலாம். இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல் பிடிப்பதையும் குறிக்கும். கொல்வதை மட்டும் குறிப்பதன்று. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அதிகாரத்துக்கு இரண்டு கடிவாளங்களைப் போட்டது. பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறிடத்துக்கு மாற்றவோ முடியாது என்று தெரிந்த பிறகே கொல்ல உத்தரவிட வேண்டும். அப்படிப் பிடித்த விலங்கையும், மறுபடி காட்டில் வாழவைக்க வழியே இல்லை என்று தெரிந்த பிறகே அடைத்து வைக்க வேண்டும். அதற்கும் காரணம் எழுத வேண்டும்.

இதைப் பிள்ளைகளிடம் சட்ட மொழியில் சொல்லிப் பயனில்லை. கரும்பலகையில் நான்கு கேள்விகளாக எழுதினேன். ஆளைத் தாக்கியது இதே விலங்குதானா? ஏன் தாக்கியது? பிடித்து வேறு காட்டில் விட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்? அடைத்தால் எங்கே, எத்தனை ஆண்டு, யார் சோறு போடுவார்கள்? கடைசிக் கேள்வியில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு அதுதான் மிகக் கடினமான கேள்வியாக ஆனது.

கோப்பு என்று பெரிதாகச் சொன்னாலும் அது ஒரு தாள்தான். நடுவே மடித்து ஊசிநூலால் தைத்துவிடுவேன். வெளிப்பக்கத்தில், முடிவெடுக்க வேண்டிய நாள் வரை நடந்தது இருக்கும். உள்ளே, உண்மையில் எடுக்கப்பட்ட முடிவும் அதன் பிறகு நடந்ததும் இருக்கும். குழுவுக்கு ஒரு கோப்பு. வெளிப்பக்கத்தைப் படித்து, நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி, காரணத்தோடு உத்தரவு எழுதிக் கையெழுத்திட்ட பிறகே நூலை அவிழ்க்கலாம். இந்தத் தையல்தான் வகுப்பை அமைதியாக வைத்திருக்கிறது. உள்ளே இருப்பதை முன்னரே பார்த்துவிட்டால் எல்லோரும் அதையே எழுதிவிடுவார்கள்.

டி-23

எங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகமே தேவைப்படாத கோப்பு இது. 13 வயது மதிக்கத்தக்க ஆண் புலி. கூடலூர், மசினகுடி சுற்றுவட்டாரத்தில் நான்கு பேர் இறந்தனர். மாடுகள் நிறையப் போயின. 2021 செப்டம்பர் கடைசியில் தேவர்சோலைப் பக்கத் தோட்டத்தில் ஒருவரும், அக்டோபர் 1 அன்று மசினகுடியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரும் இறந்ததும் மக்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றே வேட்டைக்கான உத்தரவு வந்தது. கோப்பின் வெளிப்பக்கம் இங்கே நிற்கும்.

"இதே விலங்குதானா?" என்ற முதல் கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஊரில் எல்லோரும் சொன்னால் அதுதானே? அப்போதுதான் புலியின் உடல் வரிகளைப் பற்றிப் பேச இடம் கிடைக்கிறது. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறுவேறு. காட்டில் தானியங்கி கேமராவை இருபுறமும் வைப்பது அதற்காகத்தான். முதுமலையில் முன்பே படம் எடுத்து எண் கொடுத்து வைத்திருந்ததால்தான் அதற்கு டி-23 என்று பெயரே வந்தது. இரண்டு புலிப் படங்களை நகலெடுத்துக் கொடுத்து, ஆறு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். ஆறாம் வகுப்புக்கும் இதைக் கொடுக்கலாம்.

நூலை அவிழ்த்தால் உள்ளே இருப்பது இது. அக்டோபர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், புலியை உடனே கொன்றுவிட வேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது. தேடுதலின்போது வேறு புலி எதுவும் தவறுதலாகச் சாகக்கூடாது என்பதும் நீதிமன்றத்தின் கவலையாக இருந்தது. கும்கி யானைகள், மோப்ப நாய், டிரோன், நூற்றுக்கணக்கான பணியாளர்கள் என்று 21 நாள் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். உடலில் காயங்கள் இருந்தன. மைசூரு உயிரியல் பூங்காவைச் சேர்ந்த மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தக் கோப்பில் என் கருத்து திட்டமானது, அதைப் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. மனிதரை இரையாகக் கொள்ளப் பழகிய புலியோ சிறுத்தையோ அதுதான் என்று அடையாளம் உறுதியானால் அடைப்பதே சரி. வேறு காட்டில் கொண்டுபோய் விடுவது அந்தக் காட்டோரத்து மக்களுக்குச் செய்யும் துரோகம். காயமும் முதுமையும் வந்த பிறகு கடமானை விரட்ட முடியாமல் போன புலிக்குக் கூண்டு ஒருவகையில் மருத்துவமனையும்கூட. ஜிம் கார்பெட் 1907இல் குமாவூனில் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலிக்கு, பழைய துப்பாக்கிக் குண்டினால் ஒரு பக்கத்துக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. அந்தக் காலத்தில் மயக்க ஊசி இல்லை. கொல்வதைத் தவிர அவர்முன் வேறு வழி இல்லாதிருந்தது. நமக்கு வழி இருப்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

ரணதம்பூர் உஸ்தாத்

இது சிறிய கோப்பு. ராஜஸ்தானின் ரணதம்பூரில் டி-24 என்ற புலி. 'உஸ்தாத்' என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் செல்லப்பிள்ளை. 2015 மே 8 அன்று வனக்காவலர் ஒருவர் இறந்தார். முந்தைய சாவுகளோடு சேர்த்து நான்கு என்று அதன்மீது கணக்கு எழுதப்பட்டது. ஒரு வாரத்தில், மே 16 அன்று, உதய்ப்பூரில் உள்ள சஜ்ஜன்கர் பூங்காவுக்கு அதைக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்வலம் நடந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புலி திரும்பவில்லை. 2022 டிசம்பரில் அங்கேயே இறந்தது. ஏழரை ஆண்டு.

"இத்தன வருசமா ஒரே எடத்துலயா?" என்று ஒரு மாணவி விரல்விட்டு எண்ணினாள். நான் அவளுக்கு விடை சொல்லவில்லை. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓர் அடைப்பிடத்தின் அளவைக் காட்டி, ஆண் புலி காட்டில் பல பத்துச் சதுர கிலோமீட்டர் சுற்றும் என்று மட்டும் சொன்னேன். ஆண் புலியை அகற்றினால் அந்த இடத்துக்கு வேறு ஆண் புலிகள் போட்டிக்கு வரும், வரும் புலி பழைய புலியின் குட்டிகளைக் கொல்லவும் கூடும் என்பதை இந்த இடத்தில் சேர்த்துச் சொல்வது நல்லது. ஒன்றைத் தூக்கினால் காடு அப்படியே இருக்கும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களும்தான்.

யானைக் கோப்புகள் இரண்டு

யானையைப் புலியோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் இந்த விவாதத்தில் மிகப் பெரிய குழப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. யானை யாரையும் தின்பதற்காகக் கொல்வதில்லை. இருட்டில் எதிரெதிரே வந்துவிடுவது, மதநீர் வடியும் காலத்தில் நெருங்கிவிடுவது, குட்டியோடு வரும் கூட்டத்தின் வழியில் நிற்பது, பட்டாசு போட்டு விரட்டுவது எனப் பெரும்பாலான சாவுகள் இப்படித்தான் நேர்கின்றன. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் புலியைவிட யானையால் இறப்பவர்கள்தாம் பல மடங்கு. நாடு முழுவதும் ஆண்டுக்கு 500 பேர் அளவில் இறக்கிறார்கள்.

சின்னத்தம்பியின் கோப்பு 2019ஐச் சேர்ந்தது. கோவை தடாகம் பகுதியில் வாழைக்கும் கரும்புக்கும் பழகிப்போன யானை. முக்கியமான புகார் பயிர்ச்சேதம். ஜனவரி 25 அன்று பிடித்து, ரேடியோ காலர் கட்டி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் விட்டார்கள். ஒரு வாரத்தில் அது காட்டைவிட்டு இறங்கி நடந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக் காட்டுக்குள் வந்து நின்றுவிட்டது. சுமார் 100 கிலோமீட்டர். வெளிப்பக்கம் இந்த இடத்தில் முடியும். குழுக்கள் பெரும்பாலும் "மறுபடி காட்டில் விடுக" என்றே எழுதும். யாரையும் கொல்லாத விலங்கை அடைப்பானேன் என்பது அவர்களின் நியாயம். நல்ல நியாயம். உள்ளே, பிப்ரவரி 15 அன்று கும்கிகளின் துணையோடு மறுபடி பிடித்து, வரகளியாறு முகாமில் கரோல் எனப்படும் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கினார்கள் என்று இருக்கும். சில மாதங்களில் கூண்டைவிட்டு வெளியே வந்தது. இப்போது அதுவே கும்கி. மற்ற காட்டு யானைகளைப் பிடிக்க அதை அழைத்துப் போகிறார்கள்.

இதைப் படித்ததும் வகுப்பு இரண்டுபட்டுவிடும். "போலீசாயிடுச்சு டீச்சர்" என்று சிலர் சிரிப்பார்கள். "அதோட கூட்டத்தயே அது பிடிச்சுக் குடுக்குமா?" என்று வேறு சிலர் கேட்பார்கள். இந்த இடத்தில் நான் தெப்பக்காடு முகாமில் இருந்த மூர்த்தியைப் பற்றிச் சொல்வேன். கேரளத்திலும் எங்கள் பகுதியிலும் பலரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட மக்னா யானை அது. சுட்டுவிடக் கேரளம் உத்தரவு போட்டிருந்த நிலையில், 1998இல் தமிழக வனத்துறை உயிரோடு பிடித்தது. புண்களுக்கு வைத்தியம் பார்த்துத் தேற்றிய டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 'யானை டாக்டர்' கதை மூலம் நம்மில் பலருக்குத் தெரிந்த அதே டாக்டர் கே. பின்னாளில் மூர்த்தி முகாமிலேயே சாதுவான யானை என்று பெயரெடுத்தது. எங்கள் பிள்ளைகளில் சிலருடைய மாமன், சித்தப்பா முகாமில் பாகன்களாகவோ காவடிகளாகவோ இருப்பதால் இந்தக் கதையை அவர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். காலில் சங்கிலியோடு என்றாலும் பகலில் காட்டுக்குள் மேயப் போகும், ஆற்றில் குளிக்கும், பாகனின் குரலைக் கேட்கும் முகாம் வாழ்வும், சிமென்ட் தரையில் நிற்கும் வாழ்வும் ஒன்றல்ல. 'அடைத்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் பூங்கா, மறுவாழ்வு மையம், யானை முகாம் மூன்றும் கிடக்கின்றன. இதைப் பிரித்துக் காட்டாமல் மேலே போகக் கூடாது.

அரிக்கொம்பன் கோப்புதான் என் வகுப்பில் அதிக நேரம் எடுத்தது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்பதால் வந்த பெயர். சிலர் உயிரிழந்ததற்கும் அதுவே காரணம் என்பது ஊரார் புகார். பிடித்துக் கும்கியாக்கக் கேரள அரசு முனைந்தபோது, ஏன் அடைக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டு, வல்லுநர் குழு அமைத்தது. பரம்பிக்குளத்துக்கு மாற்றலாம் என்று முடிவானதும் அந்தப் பக்கத்து மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கடைசியில் 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். கோப்பின் வெளிப்பக்கம் பரம்பிக்குளம் போராட்டத்தோடு நிற்கும். நீங்கள் எங்கே அனுப்புவீர்கள்?

குழு ஒன்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேரளம், தமிழ்நாடு முழுக்கத் தேடியது. மனிதர் இல்லாத காடாக ஒன்று வேண்டும் அவர்களுக்கு. எங்கே விரல் வைத்தாலும் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. "எங்கயோ கொண்டுபோய் விடுங்கன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க டீச்சர். அந்த எங்கயோல இருக்கறவங்களும் இப்டித்தான சொல்லுவாங்க?" என்றாள் ஒரு பணியர் வீட்டுப் பெண். நான் அதைக் கரும்பலகையில் அவள் சொன்னபடியே எழுதி வைத்தேன்.

உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியும். மே 27 அன்று அது தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. காயம்பட்ட ஒருவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதிக்குக் கொண்டுபோனது. எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான இன்னொரு கதை உண்டு. 2022 டிசம்பரில் பந்தலூரில் பிடித்து முதுமலையில் விட்ட பி.எம்.-2 மக்னா, ஒரே மாதத்தில் வயநாட்டின் சுல்தான் பத்தேரி நகருக்குள் போய் நின்றது. 2023 ஜனவரி 9 அன்று கேரள வனத்துறை பிடித்து முத்தங்கா முகாமில் அடைத்தது. காட்டை மாற்றுவது யானைக்குப் பேருந்து நிலையத்தை மாற்றுவது மாதிரி இருக்கிறதே என்றார் இதைக் கேட்ட எங்கள் கணித ஆசிரியர்.

யானையைப் பொறுத்தவரை என் தீர்ப்பு புலிக்குச் சொன்னது போல் உறுதியானதில்லை. ஒரே யானை ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப ஆள்களைக் கொன்று, அது வேறு யானை இல்லை என்று நிரூபணமானால் முகாமில் வைக்கலாம். பயிர் தின்ற குற்றத்துக்கு அடைப்பதை நான் ஏற்க மாட்டேன். இன்னொரு காட்டுக்கு மாற்றுவது பெரும்பாலும் பிரச்சினையை லாரியில் ஏற்றி அனுப்புவதாகவே முடிகிறது.

ஜுன்னர் சொன்ன கணக்கு

ஐந்தாவது கோப்பை நன்றாகக் கணக்குப் போடும் குழுவுக்குக் கொடுங்கள். மகாராஷ்டிரத்தில் புனே அருகே உள்ள ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களிலேயே சிறுத்தைகள் குட்டி போட்டு வாழ்கின்றன. ஊர்ப்பக்கம் தென்பட்ட சிறுத்தைகளைப் பொறி வைத்துப் பிடித்துக் காடுகளில் கொண்டுபோய் விடும் திட்டம் பெரிய அளவில் தொடங்கியது. வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த தாக்குதல்களை ஒப்பிட்டார்கள். 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்கள். இடமாற்றம் தொடங்கிய பின் 17. சதவீத உயர்வைக் கணக்கிடச் சொல்லுங்கள், 325 வரும். ஏன் என்பதைக் குழுவே யோசிக்கட்டும். பழகிய இடத்தை இழந்த சிறுத்தை பதற்றத்தில் புது ஊரில் அலைகிறது; காலியான இடத்துக்கு வேறு சிறுத்தை வந்துவிடுகிறது. என் வகுப்பில் இரண்டாவதை ஒருவன் உடனே சொன்னான். "எங்க லைன்ல ஒரு வீடு காலியானா மறுநாளே ஆள் வந்துரும் டீச்சர்."

இத்தகைய அனுபவங்களால்தான் 2011இல் மத்திய அரசு வெளியிட்ட சிறுத்தை வழிகாட்டு நெறிமுறைகள், கண்ணில் பட்டது என்பதற்காக மட்டும் சிறுத்தையைப் பிடிக்க வேண்டாம் என்கின்றன. ஆள் யார் என்று தெரியாமல் அகப்பட்டதை அடைப்பது எல்லா வழிகளிலும் மோசமான வழி. உண்மையில் தாக்கியது வெளியே இருக்கும், ஊரோ பயம் தீர்ந்து இருட்டில் நடக்கும்.

உத்தரவுகளில் கண்டது

பிள்ளைகள் எழுதிய உத்தரவுகளைத் திருத்த உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தேன். முதல் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும், பாதிக்கு மேற்பட்ட தாள்களில் விலங்கைப் பற்றிய உத்தரவுக்குக் கீழே ஊரைப் பற்றி ஒரு வரி இருந்தது. நான் கேட்கவில்லை. தாத்தாவை யானைக்குப் பறிகொடுத்த மாணவன் ஒருவனிடம், இந்தப் பாடத்தின்போது நூலகத்தில் இருக்கிறாயா என்று முதல் நாளே தனியாகக் கேட்டிருந்தேன். இருக்கிறேன், எழுதுகிறேன் என்றான். அவன் எழுதியது இது: "கரோலில் அடைக்கவும். அடைத்துவிட்டு எங்கள் லைனுக்கு லைட் போடவும். கக்கூஸ் கட்டவும். தாத்தா வெளிக்குப் போகும்போதுதான் நடந்தது."

அவனுடைய உத்தரவில் இலக்கணப் பிழை உண்டு. மதிப்பெண் முழுதும் போட்டேன்.

இந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் மூன்றாவது பாடவேளை. பள்ளிக்கு வரும் பாதைகளை வரைந்து, உண்ணிச்செடிப் புதர் எங்கே மண்டியிருக்கிறது, எந்த வளைவில் எதிரே வருவது தெரியாது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, குப்பையும் பலாப்பழமும் எங்கே கிடக்கின்றன என்று குறித்தோம். வால்பாறையில் நடந்ததைச் சொன்னேன். அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து, யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிடுகிறார்கள், யானை பக்கத்தில் இருந்தால் உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு எரியவிடுகிறார்கள். உயிரிழப்பு குறைந்தது. யானைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எங்கள் வரைபடத்தின் நகலை ஊராட்சிக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் கொடுத்தோம். மூன்று விளக்குகளில் இரண்டு எரிகின்றன. மூன்றாவதற்கு மறுபடி மனு போயிருக்கிறது.

தமிழாசிரியரோடு சேர்ந்து செய்த ஒரு சிறு செயல்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதச் செய்தித்தாள்களிலிருந்து விலங்குச் செய்தித் தலைப்புகளைக் கத்தரித்து ஒட்டினோம். அட்டகாசம், வெறியாட்டம், ஊருக்குள் புகுந்தது, ஆட்கொல்லி. எந்தச் சொல் நடந்ததைச் சொல்கிறது, எந்தச் சொல் முன்கூட்டியே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது என்று பிரிக்கச் சொன்னோம். 'ஆட்கொல்லி'யைச் சிலர் முதல் பட்டியலிலும் சிலர் இரண்டாவதிலும் வைத்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது, நாங்கள் தலையிடவில்லை.

கையாளும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். உங்கள் ஊரில் அண்மையில் சாவு நடந்திருந்தால் அந்த வழக்கைக் கோப்பாக்காதீர்கள். குறைந்தது ஓராண்டு போகட்டும், தொலைவில் நடந்ததையே எடுங்கள். இறந்தவர் பெயரோ படமோ தாளில் வேண்டாம். இன்னொன்று, பாடம் முடிந்ததும் வனச்சரகரையோ வேட்டைத் தடுப்புக் காவலரையோ அழைத்து வந்து கேள்வி கேட்க விடுங்கள். எங்கள் வகுப்புக்கு வந்த காவலரிடம் ஒரு பொடியன், "பாம்புதான நெறயப் பேரக் கொல்லுது, அதயும் கூண்டுல போடுவீங்களா?" என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது என்று நான் சொன்னதும், சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு அமைதியானது. அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை வரவழைக்க வேண்டியதாயிற்று.

மற்ற மாவட்ட ஆசிரியர்கள் புலிக்கும் யானைக்கும் எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். ஓசூர், தேனி, கோவைப் பக்கம் யானைக் கோப்புக்குப் பஞ்சமில்லை. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் இருப்பவர்களுக்கு முதலை இருக்கிறது. ஊருக்குள் வரும் முதலையைப் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். அங்கே விடப்பட்ட முதலை அடைக்கப்பட்டதா, விடுவிக்கப்பட்டதா என்று உங்கள் எட்டாம் வகுப்பிடம் கேட்டு, அவர்கள் எழுதும் உத்தரவுகளில் இரண்டொன்றை இந்த இதழுக்கு அனுப்புங்கள்.